வால்நட் ஆப்பு

அஸ்பெய்தியாவில் மழை
பெய்து முடிப்பதே இல்லை.
உரோலா ஆற்றுக்கும் பட்டறைத் தகரத்துக்கும் நடுவே
பிழியாத துணிபோலத் தொங்கும்.
அப்படியொரு அக்டோபர் செவ்வாயில்
இருவரும் வந்தார்கள்.
ஒரே குடை.

ஒரு சிசாயிலு வேண்டும் என்றாள் அய்னிசே.
இரண்டாகப் பிரிகிற மாதிரி என்றான் யோவானெஸ்.

சிசாயிலு என்பது
கணப்புக்கு எதிரே போடும் நீள் இருக்கை.
ஆள் உயர முதுகு.
முதுகில் ஒரு பலகை, தாழை நீக்கினால்
இறங்கி வந்து மேசையாகும்.
இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்,
இடையில் ரொட்டி, சைடர்.

இவர்கள் வீட்டில் கணப்பு கிடையாது.
மூன்றாம் மாடி, ரேடியேட்டர், பக்கத்து வீட்டு டிரம்ஸ்.
பிப்ரவரியில் வீட்டை விற்கிறார்கள்.
"அதுவரைக்கும் சேர்ந்து உட்கார" என்றாள்.
"அப்புறம் ஆளுக்குப் பாதி" என்றான்.
என்னைப் பார்க்காமல்
சுவரில் மாட்டிய ரம்பங்களைப் பார்த்தார்கள்.

பதினேழு தாள் கிழித்தேன்.
சும்மா அறுத்தால் பாதி சாய்ந்து விழும்.
பிரியப்போகும் இருக்கைக்கு எட்டுக் கால் வேண்டும்.
எட்டும் சேர்ந்து நின்றால்
சிலந்தியாகிவிடுகிறது.
மார்கெல் காதிலிருந்து பென்சிலை எடுத்தான்:
"நடுக் கால்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்து.
ஒரே கால் என்று நினைப்பார்கள்."

கணினி இயந்திரம் ஓக்கை அறுத்தது
அரை மில்லிமீட்டர் பிசகாமல்.
பிசகு தேவைப்பட்ட இடங்களை
மார்கெல் உளியால் செய்தான்.
பொருத்து என்றால் கொஞ்சம்
முரண்டு பிடிக்கவேண்டும், அது அவன் கட்சி.

முதுகில் ஒரு சூரியச் சக்கரம் செதுக்கலாமே,
சுற்றுலாக்காரர்களுக்குப் பிடிக்கும் என்றார்
கூட்டுறவின் கணக்கர்.
செதுக்கவில்லை.
இழுத்து நகர்த்தும்போது விரல் போகும் அடிவிளிம்பில் மட்டும்
உளித்தடத்தை இழைக்காமல் விட்டோம்.

மேசைப் பலகை இரண்டு.
எல்லாவற்றையும் பூட்ட ஒரே ஓர் ஆப்பு,
வால்நட், கட்டைவிரல் நீளம்.

லிஃப்டில் நுழையவில்லை.
இரண்டு பாதியாக மாடியேற்றி
அவர்கள் கண்முன்னே சேர்த்தோம்.
சுத்தியலால் ஒரே தட்டு.
யோவானெஸ் கைதட்டப் போய்
நடுவழியில் நிறுத்திக்கொண்டான்.

பிப்ரவரி.
வேன் கீழே நிற்கிறது, ஆப்பு வரவில்லை என்றான் போனில்.
ஈரத்தில் ஊதியிருக்கும்.
மார்கெல் போனைப் பிடுங்கிக் கத்தினான்:
"அடிக்காதே! ஜூனில் தானாக வரும்."
"வேனுக்கு மணிக்கணக்கில் வாடகை!"
பின்னால் அய்னிசேயின் சத்தம்.
சிரிப்புதானா என்று இன்றும் தெரியவில்லை.

வீட்டை வாங்கிய தம்பதி
ஜூன் வரை அதில் உட்கார்ந்து சூப் குடித்தார்கள்.
திருப்பித் தர அவர்களுக்கு மனமில்லை.
விலை கேட்டார்கள். இருமுறை.

நான் போனபோது
இரண்டு விரலுக்கே வந்துவிட்டது,
ஆடுகிற பால்பல்லைப் போல.
ஒரு பாதி சுமாயாவுக்கு, கடலோரம்.
ஒரு பாதி பில்பாவோவில்
எந்தத் தெரு என்று சொல்லவில்லை.
ஆப்பை யாரும் கேட்கவில்லை.
என் கோட்டுப் பையில் வீடு வந்தது,
சில்லறையோடு.

அடுத்த அக்டோபரில் இரண்டு செய்திகள்,
ஒரே வாரத்தில், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல்:
அந்த ஆப்பு உன்னிடம் இருக்கிறதா?
இருக்கிறது என்று இருவருக்கும் எழுதினேன்.

மார்கெல் அதே துண்டிலிருந்து இன்னொன்று இழைத்தான்.
பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்
ஒன்று மயிரிழை தடிப்பு.
சீவித் தரவா என்றான். வேண்டாம் என்றேன்.
எந்த உறையில் எது போனது என்று
குறித்துவைக்கவும் இல்லை.

தபால் அலுவலகத்துப் பெண்
உறைகளை அழுத்திப் பார்த்தாள்.
சாவியா?
மரம், என்றேன்.